கழிவு போக நிகர எடை

டன்லப் தெருவில் வெங்காயமும் வற்றல் மிளகாயும் விற்றுக்கொண்டிருந்த அலெக்சாண்டர், எடை போட்டே பிழைத்தவர். தராசு முள் ஆடி நிற்பதற்குள் விலை சொல்லிவிடுவார். வாங்க வந்தவர் அதற்குள் பாதி விலைக்குக் கேட்டிருப்பார். இருவரும் ஒருவரையொருவர் மனசார ஏசி, நடுவில் எங்கோ வந்து நின்று, கடைசியில் ஒரு கை வெங்காயத்தைக் கொசுறாக அள்ளிப் போட்டதும் வியாபாரம் முடியும். உலகத்தில் எந்தக் காரியத்தையும் இப்படி முடித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. எண்பத்துநாலாம் வருடம் அவரையே தராசில் ஏற்றினார்கள். அதுவரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

பருமனை அவர் ஒரு கோளாறாக நினைத்ததில்லை. மிளகாய்க் கடைக்காரன் ஒல்லியாக இருந்தால் சரக்கில் காரமில்லை என்று ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் கட்சி. கோளாறு தூக்கத்தில் வந்தது. கண்ணை மூடினால் குறட்டை. குறட்டை ஏறி ஏறிப் போய், கடைக் கதவைச் சாத்தியதுபோல் சட்டென்று நின்றுவிடும். நின்றது குறட்டை மட்டுமல்ல, மூச்சும்தான். படுத்தால்தான் என்றில்லை. மூட்டைமேல் சாய்ந்தாலும், பேருந்தில் உட்கார்ந்தாலும், கோயிலில் சாமியார் பிரசங்கம் தொடங்கினாலும் இதே கதை.

மூச்சு நின்ற நேரத்தை அளக்க அவர் மனைவி ஜோசபின் கடிகாரம் பார்ப்பதில்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று ஜெபத்தைத் தொடங்குவாள். பாதி ஜெபத்துக்குள் மூச்சு திரும்பிவிட்டால் நல்ல நாள். ஆமென் வரைக்கும் திரும்பாவிட்டால், ஆமென் சொன்ன கையோடு ஓர் உதை. அலெக்சாண்டர் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவர்போல் மூச்சை வாங்கிக்கொண்டு, "என்ன விலைக்குக் கேட்டாங்க?" என்பார். போன வருடம் பாதி ஜெபத்தில் திரும்பிய மூச்சு, இந்த வருடம் முழு ஜெபமும் கேட்டது. அவர் தூங்கும்போதெல்லாம் அவள் விழித்திருக்க வேண்டியிருந்தது. அவர் எவ்வளவு ஏறினாரோ அவ்வளவு அவள் இறங்கினாள். பூன் லே பேட்டையில் இருந்த அந்த வீட்டின் மொத்த எடை என்னவோ மாறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் சீன டாக்டர் அவரைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு மலாயில் விளக்கினார். இரைப்பையை மடித்து ஸ்டேப்பிள் அடித்துவிட்டால் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். உடம்பு இளைக்கும். மூச்சு நிற்காது. அடிக்காவிட்டால் இருதயம் அடுத்த சீனப் புத்தாண்டைப் பார்ப்பது சந்தேகம்.

ரசீதுக்கு அடிக்கிற ஸ்டேப்பிள்தானே, இப்போதே அடித்துவிடுங்கள் என்றார் அலெக்சாண்டர்.

"நான் தயார்தான்," என்றார் டாக்டர். "தகுதிக் குழு சரியென்று சொல்ல வேண்டும்."

மிகையெடை அறுவைத் தகுதிக் குழு மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் நிற்கும். நான்குக்குப் போய் இறங்கி வருவது நல்லதா, இரண்டுக்குப் போய் ஏறிப் போவது நல்லதா என்று கணவனும் மனைவியும் கொஞ்சநேரம் வாதாடினார்கள். கடைசியில் நான்குக்குப் போய் இறங்கினார்கள். உள்ளே நாற்காலிகளுக்கு இருபுறமும் இரும்புக் கை வைத்திருந்தது. அலெக்சாண்டர் ஒன்றில் நுழைந்து பார்த்தார். நாற்காலி அவரோடு எழுந்து வந்தது.

குழுவின் செயலாளர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்து வழிவந்தவர். அவர் ஏறி வரவேற்புரை ஆற்றாத சங்க மேடை ஊரில் இல்லை. அலுவலக மேசையிலும் ஒலிபெருக்கி இருப்பதாகவே எண்ணிப் பேசுவார்.

"அன்பரே! இவ்வறுவை எல்லார்க்கும் உரியதன்று. நூற்றிருபது கிலோவுக்கு மேற்பட்டார்க்கே உரியது. அதற்குக் கீழே உள்ளவர் எவராயினும், எங்கள் நோக்கில், மெலிந்தவரே."

அலெக்சாண்டரைத் தராசில் ஏற்றினார்கள். முள் சர்ரென்று ஓடி, நூற்றிருபதில் 'டொக்' என்று முட்டி நின்றது.

"நூற்றிருபது," என்று எழுதிக்கொண்டார் அம்பிகைபாகன். "மேற்படவில்லை."

அலெக்சாண்டர் குனிந்து பார்த்தார். தராசு விஷயத்தில் அவர் கண்ணை யாரும் மறைக்க முடியாது. "ஐயா, அதுக்கு மேல போக முள்ளுக்கு எடமே இல்லையே. ஆணி அடிச்சு நிறுத்தி வச்சிருக்கு."

"தராசின் வரம்பு நூற்றிருபது."

"விதி?"

"நூற்றிருபதுக்கு மேல்."

"அப்ப இதுல ஏறி யாருங்க தேறுவா?"

"இதுவரை எவருமில்லை," என்றார் அம்பிகைபாகன். குரல் பெருமையில் கனிந்தது. "குழு தோன்றி ஆண்டுகள் பலவாயின. எங்கள் அறுவையால் ஓர் உயிர்கூடப் பிரிந்ததில்லை. இந்த வட்டாரத்தில் வேறெந்த நாட்டு மருத்துவமனையாவது இப்படி மார்தட்ட முடியுமா?" சுவரில் அதற்கான பாராட்டிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

அலெக்சாண்டர் தமக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார். "பெரிய மனசு பண்ணுங்க. ஒரு கிலோ கொசுறா போட்டுக்குங்க. நமக்குள்ள என்ன இருக்கு?"

அம்பிகைபாகன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொறுமையாகவே புரட்டினார். "கொசுறு என்றொரு சொல் இதில் இல்லை," என்றார்.

அவர் புரட்டிய நேரத்தில் அலெக்சாண்டர் சுவரோரம் நின்றபடியே தூங்கிவிட்டிருந்தார். ஜோசபின் முணுமுணுவென்று ஜெபம் சொல்லி, ஆமென் வந்ததும் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தாள். அவர் மூச்சை வாரி இழுத்தார்.

"அம்மையாரே," என்றார் அம்பிகைபாகன், "வழிபாட்டுக்கெனக் கீழ்த்தளத்தில் தனி அறை உண்டு."

அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. அரசாங்க உரிமம் பெற்ற வேறு தராசில் நிறுத்து முத்திரைச் சீட்டு கொண்டுவந்தால் குழு ஏற்கும் என்று ஒரு வழி சொன்னார். அலெக்சாண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரிமத் தராசுக்கா பஞ்சம்? ரோச்சோர் கால்வாய்ப் பக்கத்து வெங்காயக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் அப்துல் கையூம் அவருடைய பழைய சிநேகிதர். தராசும் ஒரு மாட்டைத் தாங்கும்.

"என்ன அலெக்ஸு, உன்னையவே ஏலத்துல விடப்போறியா?" என்றார் கையூம்.

"விக்கலை பாய். ஸ்டேப்பிள் அடிக்கப் போறாங்க."

"ஏறு ஏறு. சரக்கு எந்த ஊருன்னு போடட்டும்? நாசிக்கா, பம்பாயா?"

"பூன் லேன்னு போடுங்க."

கிடங்கே சிரித்தது. அலெக்சாண்டர் ஏறினார். இரும்புத் தண்டு தாழ்ந்து நிமிர்ந்து நூற்றிருபத்துநாலில் நின்றது. எந்த ஆணியும் அதைத் தடுக்கவில்லை. கையூம் சீட்டு எழுதி, மை ஒற்றி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதற்குள் அலெக்சாண்டர் மூட்டைகளின்மேல் சாய்ந்து கண் மூடிவிட்டார். ஜோசபின் இரண்டு கையிலும் ஜெபமாலையோடு அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் அம்பிகைபாகன் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"மொத்த எடை நூற்றிருபத்துநான்கு. சாக்குக் கழிவு இரண்டு. ஈரக் கழிவு இரண்டு. மண், சருகுக் கழிவு ஒன்று. கழிவு போக நிகர எடை, நூற்றுப் பத்தொன்பது."

அலெக்சாண்டர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"இதுவல்லவா சான்று!" என்றார் அம்பிகைபாகன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஈரத்தைக்கூடக் கழித்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவர்களுக்கே இந்த நுட்பம் தோன்றவில்லை."

"ஐயா, பாய் பழக்க தோசத்துல கழிச்சிட்டாரு! நான் சாக்குல வரலையே. சட்டை போட்டுக்கிட்டுத்தானே வந்தேன்?"

"சட்டை சாக்கா, அன்றா என்பதைக் குழு பரிசீலிக்கும். ஆனால் ஈரத்தை நீங்கள் மறுக்க முடியாது. இதோ, வியர்க்கிறதே."

கிடங்குக்குத் திரும்பி வந்து சொன்னதும் கையூம் தலையில் அடித்துக்கொண்டார். "அட அல்லாவே! கழிவு போடாம ஒரு சீட்டுகூட எழுதுனதில்லப்பா நான். கை தன்னால எழுதிருச்சு." ஆனால் மாற்றி எழுத முடியாது என்றும் சொன்னார். கழிவு இல்லாத சீட்டை அதிகாரி பார்த்தால் வெங்காயத்தில் ஊழல் என்று உரிமத்தையே பிடுங்கிவிடுவார்களாம். "ஒண்ணு செய் அலெக்ஸு. கழிவு போகவும் தேறுற மாதிரி ஏறிட்டு வா."

அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய தபசு காலம். பங்குக் கோயிலில் எல்லாரும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அலெக்சாண்டர் சாப்பிட்டார். விடிந்ததும் பராட்டா, கடையில் உட்கார்ந்தபடி தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், மத்தியானம் தேக்கா சந்தையில் பிரியாணி, வீட்டுக்கு வந்து மிச்ச மீதி. முன்பெல்லாம் ஆசையாகச் சாப்பிட்டவருக்குச் சாப்பாடு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலையாகிவிட்டது. பெரிய வியாழனன்று கோழி வறுத்துக்கொண்டே ஜோசபின் அழுதாள்.

"இன்னொரு துண்டு வைக்கவாங்க?"

"வை. கழிவுக்கு வேணும்ல."

மூச்சு இப்போது ஒரு ஜெபத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆமென் சொல்லி உதைத்துவிட்டு, இரண்டாவது ஜெபத்தைத் தொடங்கிய பிறகே வந்தது. ஜோசபின் பகலில் நடக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பூன் லே சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவள், பேசிய வாக்கிலேயே கண் அயர்ந்துவிட்டாள். மீன்காரன் அதை மௌனப் பேரமென்று எண்ணி இரண்டு முறை விலையைக் குறைத்தான்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கையூம் மறுபடி நிறுத்தார். மொத்தம் நூற்றிருபத்தேழு. கழிவு ஐந்து. நிகரம் நூற்றிருபத்திரண்டு.

அம்பிகைபாகன் எழுந்து நின்று கைகுலுக்கினார். "வரலாறு படைத்தீர்! எடைத் தகுதி பெற்ற முதல் அன்பர் தாங்களே. இனி எஞ்சியிருப்பது மனவுறுதித் தகுதி மட்டும்." அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே உணவு ஆலோசகர் குணமணி இருந்தாள். சின்னப் பெண், நல்ல மாதிரி. மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"டோன்ட் வொரி அங்கிள். சும்மா வில்பவர் டெஸ்ட்தான் லா. ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாட்டைக் கன்ட்ரோல் பண்ணுவீங்களான்னு பாக்கணும்ல? ஆறு கிலோ குறைச்சிட்டு வாங்க."

அலெக்சாண்டர் கணக்குப் போட்டார். அதற்கு அவருக்குக் காகிதம் தேவையில்லை. "ஆறு கொறைஞ்சா நூத்திருவதுக்குக் கீழ போயிருவேனேம்மா."

"ஆமா அங்கிள்."

"கொறைக்கலேன்னா?"

"வில்பவர் இல்லேன்னு ரிஜெக்ட்."

"கொறைச்சா?"

குணமணி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது என் டிபார்ட்மெண்ட் இல்ல அங்கிள்."

அந்தப் பேச்சிலேயே அலெக்சாண்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. இந்தச் சரக்கு ஊரில் ஒரே கடையில்தான் இருந்தது. முன்பு ஏற்றியதை இப்போது இறக்கினார். கோஸ் வேகவைத்த தண்ணீரைக் குடித்தார். மூட்டைகளைத் தானே சுமந்தார். ஒருமுறை வற்றல் மிளகாய்க் குவியலில் மயங்கி விழுந்தவரைத் தும்மல்தான் எழுப்பிவிட்டது. ஜோசபின் அதைக் கேட்டு, "அடுத்த தடவை உதைக்கிறதுக்குப் பதிலா மொளகாயைத் தூவுறேன்," என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு நாளாகியிருந்தது.

ஆறு கிலோ குறைந்தது. கழிவு போக நூற்றுப் பதினாறு. மூச்சில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இருதயத்துக்கு அந்த ஆறு கிலோ கண்ணிலேயே படவில்லை.

"அன்பரே!" அம்பிகைபாகன் கூவினார். "அறுவையின்றியே இளைத்துக் காட்டிவிட்டீர். இளைக்க வல்லவருக்கு அறுவை எதற்கு?"

"நீங்க சொல்லித்தானே ஐயா எளைச்சேன்?"

"நாங்கள் சொன்னோம், செய்தீர். அதுவே மனவுறுதி. தங்களுக்கு விருது வழங்கக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. குழுத் தலைவரே நேரில் வருகிறார்."

விருது வேண்டாமென்றுதான் அலெக்சாண்டர் முதலில் சொன்னார். தலைவர் வருகிறார் என்ற சொல் அவரை நிறுத்தியது. எந்தக் கடையிலும் சிப்பந்தியிடம் பேரம் பேசிப் பயனில்லை, முதலாளியிடம் பேச வேண்டும். தலைவரிடம் சொல்ல இரண்டே வாக்கியம் தயார் செய்துகொண்டார். 'ஐயா, எனக்கு மூச்சு நிக்குது. டாக்டர் அடிக்கத் தயாரா இருக்காரு.' பூன் லேயிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பேருந்தில் அதையே சொல்லிப் பார்த்தார். ஜோசபின் கேட்டுவிட்டு, "ரெண்டாவதைக் கொஞ்சம் பணிவாச் சொல்லுங்க," என்றாள்.

விழா மண்டபத்தில் அவரை மேடைமேல், கையில்லாத அகன்ற நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதை அவருக்கென்றே செய்வித்தார்களாம். மடியில் பரிசுக் கூடை. வெண்ணெய் பிஸ்கட், சாக்லேட், டின்பால், எல்லாம் மஞ்சள் கண்ணாடித்தாளில் சுற்றியிருந்தது. ஜோசபினுக்குக் கடைசி வரிசையில் இடம்.

அம்பிகைபாகன் பேசத் தொடங்கினார். கால்மணி கூட ஆகவில்லை. குறட்டை எழுந்தது, ஏறியது, நின்றது.

"...மூச்சுவிடாமல் உழைத்தவர் இந்த அலெக்சாண்டர்! பாருங்கள் இந்த அமைதியை! ஆறு கிலோவை உதறிய மனத்தின் நிறைவு அது!"

கைதட்டல். ஜோசபின் எழுந்துவிட்டாள். ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தாள். நடுவரிசையில் முதல் ஜெபம் முடிந்தது. மேடைப்படியில் ஒருவர் வழி மறித்தார். "அம்மா, நிகழ்ச்சிநிரலில் நீங்கள் இல்லையே?" அவர் கைக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். நுழையுமளவுக்கு இளைத்துத்தான் இருந்தாள். இரண்டாவது ஆமென் வந்தபோது அலெக்சாண்டரின் உதடு நாவற்பழமாக இருந்தது. காலை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

அவர் மூச்சை இழுத்த ஓசை ஒலிபெருக்கியில் விழுந்து மண்டபம் முழுக்க எதிரொலித்தது. "என்ன விலைக்குக் கேட்டாங்க?" என்றார்.

சபை சிரித்துக் கைதட்டியது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. நடந்ததைக் கூர்ந்து பார்த்துவிட்டு அம்பிகைபாகனின் காதில் ஏதோ சொன்னார். அம்பிகைபாகன் ஒலிபெருக்கியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

"பெரியோர்களே! மகிழ்ச்சியான செய்தி. இந்நோய்க்கு மாற்று மருத்துவம் ஒன்றை நம் தலைவர் இப்போது கண்டறிந்துள்ளார். கத்தியில்லை, தழும்பில்லை, செலவில்லை. வீட்டிலேயே கிடைக்கிறது. பலனை நாமே கண்ணாரக் கண்டோம். எனவே அலெக்சாண்டர் அவர்களின் கோப்பு இன்றோடு இனிதே மூடப்படுகிறது."

தயார் செய்து வைத்த இரண்டு வாக்கியத்தையும் அலெக்சாண்டர் தேடினார். கிடைக்கவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"ஐயா, அப்ப இவ எப்பங்க தூங்குறது?"

அம்பிகைபாகன் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "அம்மையார் எங்கள் நோயாளி அல்லர்," என்றார்.

பூன் லே பேருந்தில் இருவர் இருக்கையில் அலெக்சாண்டர் உட்கார்ந்தார். மிச்சமிருந்த ஓரத்தில் ஜோசபின் ஒட்டிக்கொண்டாள். கூடை அவர் மடியில்.

"பிஸ்கட்டை என்ன பண்றதுங்க?"

"கையூம் பாய்கிட்ட குடுத்துருவோம். கழிவு போக ஒரு டின்னாவது தேறும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். தலை அவர் தோளில் சரிந்தது. உடனே திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"தூங்கு லா," என்றார் அலெக்சாண்டர். "இன்னிக்கு நான் முழிச்சிருக்கேன்."

"நீங்களா?"

"சத்தியமா. வீடு வர்ற வரைக்கும். நீ தூங்கி நான் பாத்ததே இல்லையே."

அவள் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அதிலேயே பார்வை மங்கித் தூங்கிப்போனாள். அலெக்சாண்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். மிளகாய் ரகங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் விலை சொன்னார். குண்டு, நீட்டு, காம்பு கிள்ளியது. ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார். பாதி வழியில் வரும் கிளமெண்டி நிறுத்தம் வரைக்கும் விழித்திருந்தார். அவர் உடம்புக்கு அது பெரிய சாதனை. எந்தக் குழுவும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கிளமெண்டி தாண்டியதும் குறட்டை எழுந்தது, ஏறியது, நின்றது. தூக்கத்திலேயே ஜோசபினின் உதடு அசையத் தொடங்கியது. அத்தனை நாள் பழக்கம். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, வரி வரியாகப் போய், 'இப்பொழுதும்' என்ற சொல்லில் அந்த உதடும் ஓய்ந்தது. எத்தனையோ மாதத் தூக்கம் அவளுக்குள் பாக்கி இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் மலாய் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பின்னால் வந்தார். "சுடா சம்பாய்," என்று இருக்கையைத் தட்டினார். வந்து சேர்ந்தாயிற்று.

ஜோசபின் விழித்தாள். பக்கத்தில் குறட்டை இல்லை. 'எங்கள் மரண நேரத்திலும்' என்று விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். ஆமென் சொன்னாள். உதைத்தாள். கூடை மடியிலிருந்து உருண்டு, வெண்ணெய் பிஸ்கட் பேருந்தெல்லாம் சிதறியது.

இன்னொரு ஜெபம் தொடங்கினாள். ஆமென் சொன்னாள். மறுபடியும் உதைத்தாள்.